பற்றவைப்பதும் அணைப்பதும்

வெல்டர் தேர்வுக்கான ஐஎஸ்ஓ 9606 என்னும் பன்னாட்டுத் தரவிதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. தேர்வுத் துண்டில் அடியடுக்கான ரூட் போடும்போது குறைந்தது ஒரு முறையும், மேலடுக்கான கேப்பிங் போடும்போது குறைந்தது ஒரு முறையும் வெல்டர் நடுவழியில் ஆர்க்கை நிறுத்த வேண்டும். நிறுத்திய இடத்திலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும். அந்த இடத்தைக் குறித்துவைத்து, சோதனைக்குப் போகும் நீளத்துக்குள் அது வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். தடையில்லாமல் ஓடும் வெல்டிங் ஓர் ஆளைப் பற்றிச் சொல்வதைவிட, நின்று தொடங்கிய இடம் அதிகம் சொல்லும் என்பதுதான் இந்த நிபந்தனைக்கு நான் கொள்ளும் பொருள்.

திருச்சிக்குக் கிழக்கே திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கத்துப் பட்டறைகளில் இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1960களில் பெல் கொதிகலன் ஆலை வந்த பிறகு அங்கே ‘6ஜி டெஸ்ட்’, ‘எக்ஸ்ரே’, ‘ஐபிஆர் வெல்டர்’ என்பவையெல்லாம் வீட்டுப் பேச்சில் புழங்கும் சொற்கள். பெல்லின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் 1975 முதல் அங்கேதான் இயங்குகிறது. எக்ஸ்ரேயில் தோற்ற துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் இளைஞனிடம் கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் அவன் விரல் காட்டும் இடம் ராடு மாற்றிய இடமாகத்தான் இருக்கும்.

ஆர்க்கைத் தொடங்குவதும் நிறுத்துவதும் பற்றி எழுதப்பட்டவை நிறைய. அவற்றையும் பட்டறை அனுபவத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகப் படுகிறது. தொடக்கத்தின் சிரமங்களில் பெரும்பகுதியை எந்திரம் வாங்கிக்கொண்டுவிட்டது. முடிப்பதன் சிரமம் இன்னும் வெல்டரின் மணிக்கட்டிலேயே இருக்கிறது. பயிற்சியோ தலைகீழாக நடக்கிறது. முதல் நாளே ஆர்க் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறோம், அதை எப்படி விடுவது என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்கிறோம்.

தமிழில் பற்றவைத்தல் என்றால் தீ மூட்டுவது, உலோகத்தை ஒட்டுவதும் அதே சொல்தான். பொற்கொல்லர் நகைத் துண்டுகளை இணைக்கப் பயன்படுத்தும் கலவை பற்றாசு. அணைத்தல் என்றால் தீயை அவிப்பது, சேர்த்துத் தழுவுவதும் அதுவே. இந்தத் தொழிலில் இரண்டு சொற்களுக்கும் இரண்டு பொருளும் ஒரே சமயத்தில் பொருந்துகின்றன. எந்தப் பாடப்புத்தகமும் இதைச் சொல்லி நான் பார்த்ததில்லை.

முதலில் தொடக்கம். காற்று எளிதில் மின்சாரத்தைக் கடத்தாது. ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைப் பொறி தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். பட்டறை வெல்டிங் செட்டில், ஆர்க் எரியாதபோது ஹோல்டருக்கும் எர்த்துக்கும் இடையில் இருப்பது பொதுவாக 60 முதல் 80 வோல்ட்தான். ஆகவே ராடை எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுபோனாலும் ஒன்றும் நடக்காது, தொட்டாக வேண்டும். தொட்டாலும் இரண்டு உலோகப் பரப்புகள் உண்மையில் ஒட்டிக்கொள்வது கண்ணுக்குத் தெரியாத சில மேடுகளில் மட்டுமே. நூறு ஆம்பியருக்கு மேல் அந்த மேடுகள் வழியாக நெருக்கிப் பாயும்போது அவை உருகி, கொதித்து, ஆவியாகின்றன. அந்த நொடியில் ராடை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கினால், பழுத்த நுனி எலக்ட்ரான்களை உமிழ்கிறது. உலோக ஆவியும் ராடின் மேற்பூச்சின் ஆவியும் அயனியாகி வழிவிடுகின்றன. வோல்ட் 20-30க்கு இறங்கி ஆர்க் நிலைகொள்கிறது. ஆர்க் இடைவெளியைத் தாண்டிக் குதிப்பதில்லை. தொட்ட இடத்திலிருந்து இழுத்து நீட்டப்படுகிறது.

இதை முதலில் கண்டவர்களில் ஒருவர் ரஷ்யாவின் வசீலி பெத்ரோவ். 1802-இல் செம்பும் துத்தநாகமுமாக 4,200 தகடுகளை அடுக்கிய மின்கலத்தைக் கொண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கரித்துண்டுகளுக்கு இடையே ஆர்க்கை எரியவைத்தார். வெல்டிங்குக்கு முன்பு ஆர்க் விளக்காகத்தான் ஊருக்கு வந்தது. அங்கேயும் தொல்லை இதேதான். பாவெல் யாப்லோச்கோவ் 1876-இல் செய்த ‘மின் மெழுகுவத்தி’யில் இரண்டு கரிக்குச்சிகள் இணையாக நிற்கும், நடுவே காப்புப்பொருள் இருக்கும். நுனியில் ஒரு மெல்லிய துண்டு இரண்டையும் இணைத்திருக்கும். மின்சாரம் விட்டதும் அந்தத் துண்டு எரிந்துபோய் ஆர்க்கை மூட்டிவிடும். 1878-இல் பாரிஸின் ஓப்பரா வீதியை இந்த விளக்குகள் ஒளிரச்செய்தன. ஆனால் அணைந்த மெழுகுவத்தியை மறுபடி ஏற்ற வழியில்லை, அந்த இணைப்புத் துண்டு ஒரு முறைக்குத்தான் இருந்தது. ஒரே ஒரு தொடக்கம் மட்டும் உடைய ஆர்க் என்று அதைச் சொல்லலாம்.

ஆர்க் ஏன் இப்படி அடம்பிடிக்கிறது என்பதை அளந்து சொன்னவர் இங்கிலாந்தின் ஹெர்த்தா அயர்ட்டன். ஆர்க்கின் நீளம், மின்னோட்டம், வோல்ட் மூன்றுக்கும் உள்ள உறவை அவர் சமன்பாடாக்கினார். ஆர்க்கைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1902-இல் வெளிவந்தது. சாதாரணக் கம்பியில் மின்னோட்டம் கூடினால் வோல்ட் கூடும். கரி ஆர்க்கில் மின்னோட்டம் கூடக்கூட வோல்ட் குறைகிறது. கட்டுப்படுத்த ஆள் இல்லையென்றால் அது மீறி ஏறும் அல்லது அணைந்துபோகும். நீளம் கூடினாலோ அதிக வோல்ட் கேட்கும். கொடுக்க முடியாத அளவுக்குக் கேட்டால் அணைந்துவிடும். வெல்டிங் செட்டின் வடிவமே இந்த இரண்டுக்குமான பதில்தான். மின்னோட்டம் ஏற ஏற அதன் வோல்ட் சரிந்து, ஆம்பியரை ஒரு எல்லைக்குள் பிடித்துவைக்கிறது. ராடை வெடுக்கென்று இழுத்தால் ஆர்க் அறுந்துபோவதும் இதே கணக்கில்தான்.

ஏசி செட்டில் வேலை செய்பவர், தான் ஒரு முறை பற்றவைத்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு நொடியும் மின்னோட்டம் 100 முறை சுழியைத் தொடுகிறது, 100 முறை ஆர்க் செத்துப் பிழைக்கிறது. அது தானாகவே பிழைப்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று டிரான்ஸ்பார்மரின் தூண்டல்: அது மின்னோட்டத்தை வோல்டுக்குப் பின்தங்கச் செய்வதால், மின்னோட்டம் சுழியில் இருக்கும் நொடியில் வோல்ட் ஏற்கெனவே உயர்ந்து நிற்கிறது. இன்னொன்று ராடின் மேற்பூச்சு. பொட்டாசியம் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைக் கழற்ற 4.3 எலக்ட்ரான்-வோல்ட் போதும். இரும்புக்கு 7.9 வேண்டும், ஆர்கானுக்கு 15.8. பட்டறையில் யார் கையிலும் சுலபமாகப் பிடிக்கும் 6013 ராடின் பூச்சில் பொட்டாசியம் உண்டு. லோ ஹைட்ரஜன் வகையில் சோடியம் சேர்ந்த 7015 டிசிக்கு மட்டும்தான், பொட்டாசியம் சேர்ந்த 7018 ஏசியிலும் எரியும். நிக்கோலாய் பெனர்தோஸ் 1880களில் கரிக்குச்சியாலும், நிக்கோலாய் ஸ்லவ்யானோவ் 1888-இல் உலோகக் கம்பியாலும் வெல்டிங் செய்துகாட்டிவிட்டார்கள். என்றாலும் வெறுங்கம்பியின் ஆர்க் நிலைகொள்ளாமல் தத்தளித்தது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் 1904-இல் ஈசாப் நிறுவனத்தைத் தொடங்கிய ஆஸ்கார் ஷெல்பெர்க் கம்பிக்குப் பூச்சு கொடுத்த பிறகுதான் கை வெல்டிங் தொழிலாக வளர்ந்தது.

கையால் பற்றவைப்பதற்கு இரண்டு வழிகள். தீக்குச்சி உரசுவதுபோல் உரசலாம், கோழி கொத்துவதுபோல் தட்டித் தூக்கலாம். புதியவருக்கு உரசல் எளிது, வடு விழும் என்பதுதான் அதன் குறை. தட்டுவது சுத்தமானது. ஆனால் தூக்கத் தாமதித்தால் ராடு ஒட்டிக்கொள்ளும், அதிகம் தூக்கினால் அணையும். ஒட்டிய ராடை இடமும் வலமுமாக ஆட்டிப் பிடுங்காமல் தொழில் கற்றவர் யாரும் இருக்க முடியாது. ஒட்டுவது, அணைவது இரண்டையும் இன்வெர்ட்டர் செட்டுகள் பெருமளவு தீர்த்துவிட்டன. தொட்ட நொடியில் ஆம்பியரைக் கொஞ்ச நேரத்துக்கு ஏற்றிவிடும் ஹாட் ஸ்டார்ட் வசதி இருக்கிறது. ஒட்டிவிட்டால் மின்னோட்டத்தைத் தானே இறக்கிவிடும் ஏற்பாடும் இருக்கிறது. ஆர்கான் வெல்டிங்கில் டங்ஸ்டன் வேலையைத் தொடவே வேண்டாம். பல ஆயிரம் வோல்ட் உள்ள உயர் அதிர்வெண் பொறி இடைவெளியைத் தாண்டிப் பாதை போட்டுத் தருகிறது. அந்தப் பொறி பக்கத்து மின்னணுக் கருவிகளைக் குழப்பும் இடங்களில், தொட்டுத் தூக்கும் ‘லிஃப்ட்’ முறை இருக்கிறது. தொட்டிருக்கும்போது சில ஆம்பியர் மட்டும் விடுவதால் டங்ஸ்டன் உருகி வேலைக்குள் விழுவதில்லை.

எந்திரம் தீர்க்காத ஒன்று தொடக்கத்திலும் உண்டு. முதல் நொடியில் இரும்பு குளிர்ந்து கிடக்கிறது. பூச்சு உருகி எழுப்பும் வாயுத் திரை இன்னும் சேரவில்லை. அந்தச் சில மில்லிமீட்டரில் உருகல் போதாமலும், நுண்துளைகளோடும் இருப்பது இயல்பு, 7018-இல் இது கூடுதல். அதற்கான மருந்து ஐடிஐ பாடத்திலேயே இருக்கிறது, அவசரத்தில்தான் மறந்துபோகிறது. தொடங்க வேண்டிய இடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால், வெல்டிங் போகவேண்டிய பாதையிலேயே பற்றவைத்து, ஆர்க்கைக் குட்டையாகப் பிடித்தபடி பின்னுக்கு வந்து, அங்கிருந்து முன்னோக்கி ஓட வேண்டும். தட்டிய இடம் உருகிய உலோகக் குளத்துக்குள் மறுபடி உருகிக் கரைந்துவிடும்.

பாதைக்கு வெளியே தட்டினால்? அதுதான் ‘ஆர்க் ஸ்ட்ரைக்’. வெல்டிங் குறைகளை வரிசைப்படுத்தும் ஐஎஸ்ஓ 6520 இதற்கு 601 என்று எண் கொடுத்திருக்கிறது. பார்த்தால் நகக்கண் அளவு வடு. உள்ளே நடந்ததோ வேறு. கண்ணிமைக்கும் நேரத்தில் உருகிய புள்ளியை, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு முழுவதும் சேர்ந்து சூட்டை உறிஞ்சித் தணிக்கிறது. பழுத்த இரும்பைத் தண்ணீரில் முக்கியதுபோல அந்தப் புள்ளி கடினமாகி, நொறுங்கும் தன்மை கொள்கிறது. உள்ளே மயிரிழை வெடிப்பு இருக்கலாம். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் கட்டுமான விதி, வெல்டிங் வரும் இடத்துக்கு வெளியே தட்டாதே என்கிறது. தட்டி வடு விழுந்தால் மென்மையாகத் தேய்த்து, வெடிப்பு இல்லை என்று சோதித்துப் பார்க்கவும் சொல்கிறது. கொதிகலனில் புழங்கும் பி91 போன்ற உலோகக் கலவைகளில் இதில் சலுகையே கிடையாது.

ஒரு நகக்கண் வடு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. 1980 மார்ச் 27 அன்று வடகடலில் அலெக்சாண்டர் கீலண்ட் என்ற மிதக்கும் தங்குமேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். அதன் ஒரு தாங்குகுழாயில், நீரொலிக் கருவி ஒன்றைப் பொருத்துவதற்காகப் போட்ட 6 மில்லிமீட்டர் ஃபில்லட் வெல்டிங்கிலிருந்து வெடிப்பு வளர்ந்திருந்தது. அது ஆர்க் ஸ்ட்ரைக் அல்ல. ஆனால் பாரம் தாங்குவதற்காகப் போடாத, யாரும் பெரிதாக மதிக்காத சிறு வெல்டிங் அது. எது முக்கியம் என்பதை வரைபடம் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறோம். வெடிப்பு தன் தொடக்கத்தைத் தானே தேடிக்கொள்கிறது.

இந்த வடுக்களில் பாதி கண் தெரியாமல் விழுபவை. கறுப்புக் கண்ணாடி வழியே ஆர்க் எரிந்தால்தான் எதுவும் தெரியும், பற்றவைக்கும் முன் எல்லாம் இருட்டு. கைத்திரை பிடித்து வேலை செய்பவர் குறிபார்த்துவிட்டு முகத்தை மூட வேண்டும், அந்த அரை நொடியில் கை நகர்ந்துவிடும். நகராமல் இருக்கத் திறந்த கண்ணோடு தட்டுகிறார்கள். அன்று இரவு கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரிந்து உறங்க முடியாமல் கிடப்பது அதன் கூலி. புற ஊதாக் கதிரின் காயம் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும் என்பதால், பகலில் பத்து முறை தட்டியவருக்கு அப்போது ஒன்றும் உறைப்பதில்லை. 1981-இல் ஸ்வீடனில் வந்த ஸ்பீட்கிளாஸ் முகமூடி, ஆர்க் எழுந்ததும் தானே கறுப்பாகும் கண்ணாடியைத் தந்தது. இன்று அதன் மலிவு வகைகள் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு பட்டறை முதலாளி எதில் முதலில் பணம் போட வேண்டும் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இனி முடிப்பது. ஆர்க்கை நிறுத்தும்போது அதன் கீழே ஒரு சிறு உருகிய குளம் இருக்கிறது. ஆர்க்கின் அழுத்தத்தால் குளத்தின் நடு குழிந்திருக்கும். வெடுக்கென்று தூக்கினால் அந்தக் குழி அப்படியே உறையத் தொடங்கும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உறைகிறது, உறையும்போது சுருங்குகிறது, கடைசியில் நடுவில் எஞ்சும் சொட்டு, சுருக்கத்தை ஈடுகட்ட வேறு திரவம் இல்லாமல் தனித்து நிற்கிறது. கந்தகம், பாஸ்பரஸ் போல எளிதில் உருகும் அசுத்தங்களெல்லாம் உறைந்த பகுதியிலிருந்து ஒதுக்கப்பட்டு அந்தச் சொட்டில்தான் சேர்ந்திருக்கும். சுற்றிலும் எல்லாம் அதை இழுக்கின்றன. அது கிழிகிறது. நட்சத்திரம்போல் நடுவிலிருந்து மூன்று நான்கு கோடுகள் விரியும் கிரேட்டர் வெடிப்பு இப்படித்தான் பிறக்கிறது. எரிந்துகொண்டே வந்த பாதை சூடேறியிருப்பதால் முடிவில் குளம் பெரிது, குழியும் ஆழம். தொடக்கத்தில் சூடு போதவில்லை, முடிவில் சூடு மிஞ்சிவிடுகிறது.

என்ன செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும்: முடிவில் ஒரு கணம் நின்று, ராடைச் சிறு வட்டமாகச் சுற்றிக் குழியை நிரப்பி, வந்த வழியே ஒரு சென்டிமீட்டர் பின்வாங்கி, உறைந்த பீடின் மேல் வைத்து விட வேண்டும். எழுதும்போது ஒரு வரி. செய்யும்போது, ராடு தீர்ந்து ஹோல்டரை நெருங்கியிருக்கிறது, கை சூட்டில் காய்கிறது, 3.15 மில்லிமீட்டர் ராடு ஒன்று சுமார் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடுவதால் அடுத்ததை எடுக்கும் வேகம் மனத்தில் இருக்கிறது. கடைசித் துளிவரை எரித்து மிச்சம் பிடிக்கும் பழக்கம் இங்கே பெரும் எதிரி. குழியை நிரப்பத் தேவையான உலோகம் அந்தத் துண்டில்தான் இருக்கிறது. அதை வழியிலேயே செலவழித்துவிட்டால் நிரப்ப ஒன்றும் மிஞ்சாது.

மற்ற முறைகளில் எந்திரம் முடிவுக்கும் கொஞ்சம் உதவுகிறது. ஆர்கான் வெல்டிங்கில் ஆம்பியர் படிப்படியாக இறங்கும்படி வைக்கலாம், குளம் சுருங்கிச் சுருங்கி உறையும். அதன் பிறகும் டார்ச்சை அதே இடத்தில் பிடித்திருக்க வேண்டும். வாயு இன்னும் சில நொடி பாய்ந்து, பழுத்த டங்ஸ்டனையும் உறையும் உலோகத்தையும் காற்றிடமிருந்து காக்கிறது. அலுமினியத்திலும் சில துருப்பிடிக்காத எஃகு வகைகளிலும் இதை விட்டால் வெடிப்பு ஏறக்குறைய நிச்சயம். சிஓடூ வெல்டிங்கில் குழி நிரப்பும் ஏற்பாடு பல செட்டுகளில் இருக்கிறது, பல பட்டறைகளில் அந்தத் திருகியை யாரும் தொடுவதில்லை. பொடிக்கு அடியில் எரியும் சப்மெர்ஜ்ட் ஆர்க்கில் இன்னும் நேரடியான வழி: தட்டின் இரு முனையிலும் துண்டுத் தகடு ஒட்டி, வேலைக்கு வெளியே தொடங்கி, வேலைக்கு வெளியே முடித்து, பிறகு அந்தத் துண்டுகளை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். ராடு வெல்டிங்கில் மட்டும் இவை எதுவும் இல்லை. ராடைத் தூக்கினால் ஆர்க் போயிற்று, இடைநிலை என்று ஒன்று கிடையாது. படிப்படியாக இறக்கும் வேலையை மணிக்கட்டு செய்தாக வேண்டும்.

நின்ற இடத்தில் மறுபடி தொடங்குவதில் இரண்டு சிக்கலும் சேர்ந்துகொள்கின்றன. ஐஎஸ்ஓ 6520-இல் இதற்கும் ஓர் எண் உண்டு: 517, மோசமான மறுதொடக்கம். 7018 ராடு ஒரு முறை எரிந்து நின்றால் நுனியில் பூச்சு குவளைபோல் நீண்டு, உருகிய ஸ்லாக் கம்பியை மூடிக்கொள்ளும். அதை உடைக்காமல் தட்டினால் பற்றாது. பலமாகத் தட்டினால் பூச்சே உதிர்ந்து, முதல் சென்டிமீட்டர் வெறுங்கம்பியாக எரியும். வேலையில் குழியின் ஸ்லாக்கைச் சிப்பிங் சுத்தியலால் எடுத்து, நின்ற முனையைக் கிரைண்டரால் சரிவாக்கி, அதன் மேல் ஏறித் தொடங்க வேண்டும். அசையாமல் நிற்கும் கிடைக்குழாயில் கடிகாரத்தின் ஆறு மணி இடத்தில் தொடங்கி பன்னிரண்டுக்கு இரு பக்கமும் ஏறுவார்கள். அனுபவமுள்ளவர் சரியாக ஆறில் தொடங்கமாட்டார். கொஞ்சம் தாண்டி மறுபக்கத்தில் தொடங்கி, பன்னிரண்டைத் தாண்டி முடிப்பார். அப்போது இரண்டாம் பாதி, முதல் பாதியின் இரு முனைகளையும் உருக்கி மூடிவிடும். கொதிகலனில் இப்படிப் பல்லாயிரம் குழாய் இணைப்புகள். கை நுழையாத இடத்தில் கண்ணாடியில் பிம்பம் பார்த்து ஆர்க் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் வணக்கம் சொல்லாமல் இந்தப் பத்தியைக் கடக்க முடியவில்லை.

நல்ல மறுதொடக்கத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை ஐரோப்பிய எஃகுக் கட்டுமான விதி எண்ணாகவே வைத்திருக்கிறது. எந்திரத்தால் நிற்காமல் போட்ட நீளவாட்டு வெல்டிங்குக்கு அது கொடுக்கும் களைப்பு வகை 125. அதாவது 20 லட்சம் சுழற்சிக்கு, சதுர மில்லிமீட்டருக்கு 125 நியூட்டன் அளவுத் தகைவு ஏற்ற இறக்கம். அதே வெல்டிங்கில் நின்று தொடங்கிய இடங்கள் இருந்தால் 112, கையால் போட்டால் 100. ஆயுள் தகைவின் மும்மடிக்கு எதிர்விகிதம் என்பதால், 125-க்கும் 112-க்கும் உள்ள வேறுபாடு ஒரே பாரத்தில் ஆயுளில் கால் பங்குக்கு மேல் குறைவு என்றாகிறது. இது குறையில்லாமல் செய்த வேலைக்கே உரிய கணக்கு. ஆகவே நிறுத்தங்களை வரைபடத்திலேயே யோசிக்க வேண்டும். தகைவு மிகும் மூலையில் ராடு மாற்றாதே என்று வெல்டருக்கு முன்கூட்டியே சொல்லும் பொறியாளர் மிகக் குறைவு. அந்தக் குறையை வெல்டர் மேல் போடுவது நியாயமில்லை.

வெல்டர் நினைக்காமலே ஆர்க் நிற்பதும் உண்டு. 2012-ஐ ஒட்டிய மின்வெட்டுக் காலத்தில் தமிழ்நாட்டுப் பட்டறைகள் அதை நாள்தோறும் பார்த்தன. 200 டிகிரிக்கு மேல் முன்சூடு ஏற்றிப் போடும் தடித்த பி91 இணைப்பு பாதியில் நின்றால், குழி நிரம்பாதது மட்டும் கவலை அல்ல. சூடு இறங்க விடாமல் எரிவாயுச் சுடரையாவது காட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையேல் பாதி நிரம்பிய பள்ளம் கடினமாகி வெடிக்கக்கூடும்.

கடைசியாக, ஆர்க் அணைந்த பிறகு வரும் ஆபத்து. எரியும்போது ஹோல்டரில் 25 வோல்ட் அளவில் இருந்தது, அணைந்த நொடியில் 70-80-க்கு ஏறி நிற்கிறது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப விதி சாதாரண இடத்தில் ஏசிக்கு 80 வோல்ட் வரை விடுகிறது. கொதிகலன் டிரம்முக்குள், தொட்டிக்குள், ஈரத்தில் வேலை செய்யும் இடத்துக்கான செட்டுகளுக்கு 48 வோல்ட்தான் எல்லை. வெல்டர் கையுறையைக் கழற்றி ராடு மாற்றுவது சரியாக அந்த இடைவெளியில்தான். சித்திரை வெயிலில் வியர்வையில் நனைந்த சட்டையோடு, நாலு பக்கமும் இரும்பு சூழ, எஞ்சிய துண்டை ஒரு கையால் உருவிப் புது ராடை மறு கையால் செருகுகிறார். ஆர்க் அணைந்ததும் வோல்ட்டைத் தானே குறைத்துவிடும் கருவி பல இன்வெர்ட்டர்களில் உள்ளிருக்கிறது. பழைய டிரான்ஸ்பார்மர் செட்டுக்கு வெளியே வாங்கிப் பொருத்தலாம். அது இல்லாத டிரம்முக்குள் இறங்குபவருக்கு, உலர்ந்த கையுறை இன்னொரு ஜோடியும், காலடியில் ஒரு மரப்பலகையும், வெளியே சுவிட்சுக்குப் பக்கத்தில் கண்ணெடுக்காமல் நிற்க ஓர் ஆளும் வேண்டும்.